அட்ரினலின் எந்தக் குழாயில் என்ன செய்யும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக மருந்தாளராக இருக்கிறேன். மூக்கடைப்புக்கு ஸ்ப்ரே கேட்டு வருபவர், புரோஸ்டேட் மாத்திரை போட்டதிலிருந்து தலை சுற்றுகிறது என்று சொல்லும் பெரியவர், பிள்ளைக்கு ஒவ்வாமை என்று அட்ரினலின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பதறும் அம்மா, பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமை படிக்கும் பிள்ளைகள் என ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கேட்பார்கள். கொஞ்சம் பேசினால் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்துவிடும்: அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்குமா, விரிக்குமா? நான் திருப்பிக் கேட்பது, “எந்த உறுப்பின் குழாயை?” அதைப் பிடித்துக்கொண்டால் இந்த மருந்துகள் செய்யும் நல்லதும் தரும் தொல்லையும் பெரும்பாலும் விளங்கிவிடும். கவுண்டரில் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

ஏற்பி என்றால் என்ன? ஆல்ஃபா, பீட்டா என்று ஏன் பிரிக்கிறார்கள்?

ரத்தக்குழாயின் சுவரில் மென்தசை இருக்கிறது. அது இறுகினால் குழாய் குறுகும், தளர்ந்தால் அகலும். அந்தத் தசைச் செல்லின் உறையை ஏழு முறை ஊடுருவி நிற்கும் புரதம்தான் ஏற்பி. வெளிப்பக்கத்தில் அட்ரினலின் வந்து ஒட்டும், உட்பக்கத்தில் வேலை தொடங்கும். ஆல்ஃபா-1 ஏற்பியில் ஒட்டினால் செல்லுக்குள் கால்சியம் கூடும், தசை இறுகும். குழாய்த் தசையில் இருக்கும் ஆல்ஃபா-2வும் இறுக்கும் பக்கம்தான். பீட்டா-2வில் ஒட்டினால் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருள் கூடும், தசை தளரும். பீட்டா-1 முக்கியமாக இதயத்தில் இருக்கிறது. துடிப்பின் வேகத்தையும் பலத்தையும் கூட்டும்.

மொத்தம் ஒன்பது வகை உண்டு: ஆல்ஃபா-1இல் மூன்று, ஆல்ஃபா-2இல் மூன்று, பீட்டாவில் மூன்று. இந்தப் பக்கத்துக்கு மேலே சொன்ன நான்கு பெயர் போதும்.

அட்ரினலினுக்குச் “சுருக்கு” என்றோ “விரி” என்றோ தனியாக ஒன்றும் தெரியாது. அது எந்த ஏற்பியில் போய் உட்காருகிறதோ அந்த ஏற்பிக்குத் தெரிந்த வேலைதான் நடக்கும். தாதிமை மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்.

அட்ரினலினும் நோரட்ரினலினும் ஒன்றா?

அண்ணன் தம்பி மாதிரி. ஒரே ஆள் இல்லை. நோரட்ரினலின் பெரும்பாலும் பரிவு நரம்புகளின் (பயத்திலும் உழைப்பிலும் உடலை முடுக்கிவிடும் நரம்புகள்) முனையிலிருந்து வருகிறது, அதாவது குழாயின் பக்கத்திலேயே சுரந்து அங்கேயே வேலை பார்க்கிறது. அட்ரினலின், சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கச் சுற்றுகிறது. அந்தச் சுரப்பியின் உட்பகுதி வெளியிடுவதில் ஏறக்குறைய 80 விழுக்காடு அட்ரினலின், மீதி நோரட்ரினலின்.

முக்கியமான வேறுபாடு ஒன்று. நோரட்ரினலின் ஆல்ஃபாவையும் பீட்டா-1ஐயும் நன்றாகத் தூண்டும். பீட்டா-2வை மிகக் கொஞ்சம்தான் தொடும். அட்ரினலின் எல்லாவற்றையும் தூண்டும். பின்னால் தீவிர சிகிச்சைப் பிரிவு பற்றி வரும்போது இது தேவைப்படும், நினைவில் வையுங்கள்.

சரி, எந்த உறுப்பில் எது அதிகம்?

தோலில் இருந்து தொடங்கலாம். தோலின் குழாய்களில் ஆல்ஃபா-1, ஆல்ஃபா-2 இரண்டும் அடர்த்தியாக இருக்கின்றன, பீட்டா-2வுக்கு அங்கே பெரிய பங்கு இல்லை. ஆகவே பயந்தால் முகம் வெளிறும், கை சில்லிடும். விரல் நுனி, மூக்கு, காது ஆகிய இடங்களில் தமனியும் சிரையும் நேராக இணையும் குறுக்குவழிகள் உண்டு. பரிவு நரம்பு சொன்னால் அவை ஏறக்குறைய முழுதாக மூடிக்கொள்ளும். இன்னொரு விஷயம்: குளிரில் ஆல்ஃபா-2வின் ஒரு வகை, செல்லின் உள்ளேயிருந்து மேற்பரப்புக்கு நகர்ந்து வருகிறது. அப்போது அதே அளவு நோரட்ரினலினுக்குக் குழாய் இன்னும் பலமாகச் சுருங்கும். வெளியே 32 டிகிரி வெயில், அலுவலகத்துக்குள் ஏர்கான் காற்று நேரே மேசைமேல் விழுகிறது, விரல் மட்டும் ஐஸ் மாதிரி ஆகிவிட்டது என்று சொல்லும் பெண்கள் நம் ஊரில் நிறையப் பேர். அதற்குப் பின்னால் இருப்பது இந்த ஏற்பி.

சிறுநீரகத்துக்கு, நாம் சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு அனுப்பும் 5 லிட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகிறது. அங்கே ஆல்ஃபா-1 ஆட்சி. ரத்தம் நிறையப் போய்விட்டாலோ கடும் அதிர்ச்சியிலோ உடல் முதலில் கைவைக்கும் இடங்களில் சிறுநீரகமும் ஒன்று. சிறுநீர் குறைவது அதனால்தான். சிறுநீரகத்தில் ரெனின் சுரக்கும் செல்களில் பீட்டா-1 இருக்கிறது. அது தூண்டப்பட்டால் ரத்த அழுத்தத்தைக் கூட்டும் ஒரு நீண்ட சங்கிலி தொடங்கும்.

குடலிலும் ஆல்ஃபாதான் மேலோங்கி நிற்கிறது, கூடவே கொஞ்சம் பீட்டா-2.

ஓடவும் தூக்கவும் உதவும் எலும்புத்தசையில்தான் கதை சுவையாகிறது. அங்கே ஆல்ஃபா-1உம் பீட்டா-2வும் அருகருகே இருக்கின்றன. ஒரே குழாய், இரண்டு எதிரெதிர் ஏற்பிகள். அதற்குத் தனிக் கேள்வியே கீழே வைத்திருக்கிறேன்.

அப்புறம் சிரைகள். பாடநூலில் தமனியைப் படித்துவிட்டு இதை மறந்துவிடுவார்கள். உடலின் ரத்தத்தில் பாதிக்கு மேல் எந்த நேரமும் சிரைகளில்தான் தேங்கியிருக்கிறது. அங்குள்ள ஆல்ஃபா ஏற்பிகள் இறுக்கும்போது அந்தத் தேக்கம் இதயத்துக்குத் திரும்பி வருகிறது. நாம் படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது மயங்கி விழாமல் இருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

மூளையும் இதயமும் தப்பிவிடுமா?

மூளை கிட்டத்தட்டத் தப்பிவிடும். அங்குள்ள குழாய்களில் ஏற்பிகள் இல்லாமல் இல்லை, ஆனால் அவற்றின் பிடி பலவீனம். ரத்தத்தில் சுற்றும் அட்ரினலினை மூளையின் தடுப்புச் சுவரும் எளிதில் உள்ளே விடாது. மூளைக் குழாய்கள் முதன்மையாகக் கேட்பது கரியமில வாயுவின் அளவை. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினால் கரியமில வாயு குறைந்து மூளைக் குழாய் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். பலர் அதை “அட்ரினலின் தலைக்கு ஏறிவிட்டது” என்பார்கள். உண்மையில் அது மூச்சின் வேலை.

இதயத்தின் சொந்தக் குழாய்களில் ஆல்ஃபாவும் உண்டு, பீட்டாவும் உண்டு. ஆனால் அங்கே இறுதி முடிவு இதயத்தசையின் பசியிடம் இருக்கிறது. பீட்டா-1 தூண்டப்பட்டு இதயம் கடுமையாக உழைக்கும்போது அடினோசின் முதலான பொருள்கள் சேர்ந்து குழாயை விரிக்கின்றன. ஆல்ஃபாவின் சுருக்கம் அதில் அமுங்கிவிடும். சும்மா இருக்கும்போதே இதயத்தசை தனக்கு வரும் ஆக்சிஜனில் 70 விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சிவிடுகிறது. கூடுதலாக வேண்டுமென்றால் கூடுதல் ரத்தம் வந்தே ஆக வேண்டும். குழாயில் கொழுப்புப் படிந்து விரிய முடியாமல் போனவருக்கு, கோபத்திலும் ஓட்டத்திலும் நெஞ்சு வலிப்பது இந்த இடத்தில்தான்.

நுரையீரல் தனி உலகம். பரிவு நரம்பின் பிடி அங்கே லேசானது. ஆக்சிஜன் குறைந்தால் மற்ற உறுப்புகளின் குழாய்கள் விரியும், நுரையீரலின் குழாய்கள் சுருங்கும்.

ஒரே குழாயில் ஆல்ஃபாவும் பீட்டாவும் இருந்தால் எது ஜெயிக்கும்?

அளவைப் பொறுத்தது. அட்ரினலின் கொஞ்சமாக இருக்கும்போது பீட்டா-2 சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், தசையின் குழாய்கள் விரியும். அளவு ஏற ஏற ஆல்ஃபா-1 பெரும் எண்ணிக்கையில் சேர்ந்துகொண்டு சுருக்கம் மேலோங்கும். சிறிய அளவில் அட்ரினலினைச் சிரை வழியே மெதுவாக ஏற்றினால், மேல் அழுத்தம் கூடும், கீழ் அழுத்தம் சற்று இறங்கும். இதயம் பலமாக அடிக்கிறது, அதே நேரம் தசைகளில் குழாய்கள் திறந்திருக்கின்றன. அதே இடத்தில் நோரட்ரினலின் கொடுத்தால் இரண்டு அழுத்தமும் ஏறும். நாடித்துடிப்பு பெரும்பாலும் இறங்கும், ஏனென்றால் அழுத்தம் ஏறியதைக் கழுத்துத் தமனியில் உள்ள உணரிகள் கண்டு இதயத்தை அடக்குகின்றன.

தேசிய சேவையில் 2.4 கிலோமீட்டர் ஓடுகிறேன். காலுக்கு அவ்வளவு ரத்தம் போவது பீட்டா-2வாலா?

கொஞ்சம்தான். ஓட்டம் தொடங்கும்போதும் அதற்கு முந்தைய படபடப்பிலும் பீட்டா-2 உதவும். ஓட ஓட, உழைக்கும் தசையே வெளியிடும் பொட்டாசியம், அடினோசின், கூடும் வெப்பம் எல்லாம் சேர்ந்து குழாயைத் திறந்துவிடுகின்றன. அந்தத் தசையில் மட்டும் பரிவு நரம்பின் ஆல்ஃபாக் கட்டளையும் மழுங்கிப் போகிறது. உழைக்காத இடங்களில், அதாவது குடலிலும் சிறுநீரகத்திலும், ஆல்ஃபா வழக்கம்போல இறுக்குகிறது. தீபாவளி விருந்தை முடித்துவிட்டு உடனே ஓடினால் வயிறு ஏன் பிடிக்கிறது என்று கேட்ட தம்பிக்கும் பதிலின் ஒரு பகுதி இதில் இருக்கிறது: செரிமானத்துக்கு ரத்தம் கேட்கும் குடலை ஆல்ஃபா இறுக்குகிறது.

நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு சிக்கல் கூடுதல். உடல் சூடாகும்போது தோலின் குழாய்கள் விரிய வேண்டும். அதைச் செய்வது அட்ரினலின் ஏற்பி இல்லை, வியர்வைச் சுரப்பியை இயக்கும் அசெட்டைல்கோலின் வகை நரம்புகள். ஆக, தசை ஒரு பக்கம் ரத்தம் கேட்கிறது, தோல் மறுபக்கம் கேட்கிறது. தண்ணீர் குடிக்காமல் ஓடினால் இரண்டுக்கும் போதாது. தலை சுற்றினால் உடனே நின்றுவிடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. 1906இல் இங்கிலாந்தில் ஹென்றி டேல், எர்காட் என்ற பூஞ்சைச் சாறு கொடுத்த பூனைக்கு அட்ரினல் சாற்றைச் செலுத்தினார். வழக்கமாக ரத்த அழுத்தம் விர்ரென்று ஏற வேண்டும். அது இறங்கியது. எர்காட் இன்று நாம் ஆல்ஃபா என்று அழைக்கும் ஏற்பிகளை அடைத்திருந்தது. சுருக்கும் வழி மூடியதும், அதுவரை அதன் பின்னால் மறைந்திருந்த விரிக்கும் வழி வெளியே தெரிந்தது. ஆனால் அன்று ஆல்ஃபா, பீட்டா என்ற பெயர்கள் இல்லை.

அந்தப் பெயர்களை வைத்தவர் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் வேலை பார்த்த ரேமண்ட் ஆல்க்விஸ்ட். அட்ரினலினைப் போன்ற சில பொருள்களைப் பல உறுப்புகளில் ஒவ்வொன்றாகச் சோதித்தார். எது பலமானது, எது அடுத்தது என்று வரிசைப்படுத்தினால் எல்லா உறுப்பிலும் ஒரே வரிசை வர வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வந்ததோ இரண்டே இரண்டு வரிசைகள். சில உறுப்புகள் ஒன்றில் விழுந்தன, மற்றவை அடுத்ததில் விழுந்தன. அதிலிருந்து இரண்டு வகை ஏற்பிகள் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். ஓர் ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது. 1948இல் இன்னொன்றில் வெளிவந்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. ஸ்காட்லாந்து மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக் அதைப் படித்துவிட்டு, பீட்டாவை மட்டும் அடைத்தால் நெஞ்சுவலிக்காரரின் இதயத்துக்கு ஓய்வு கிடைக்குமே என்று யோசித்ததில் 1960களில் புரோப்ரனோலால் என்ற மருந்து வந்தது. அவருக்கு 1988இல் நோபல் பரிசு. 1967இல் பீட்டாவே பீட்டா-1, பீட்டா-2 என்று பிரிந்தது. இந்த ஏற்பிகளின் குடும்பத்தை ஆராய்ந்த ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா இருவருக்கும் 2012இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசியை ஏன் தொடையில் போடச் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு மட்டுமாவது எல்லாரும் பதில் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இறால், நண்டு, வேர்க்கடலை, நம் ஊரில் பறவைக்கூடு என்று எதனால் வந்தாலும், கடுமையான ஒவ்வாமை மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் சில நிமிடங்களில் கெடுத்துவிடும்.

மருந்தைத் தோலுக்கடியில் போட்டால், அங்குள்ள ஆல்ஃபா ஏற்பிகள் பக்கத்துக் குழாய்களையே இறுக்கிவிடும். மருந்து தன் கதவைத் தானே சாத்திக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். தொடையின் வெளிப்பக்கத் தசையில் ரத்த ஓட்டம் அதிகம், பீட்டா-2வும் உண்டு. குழந்தைகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 1998இல் வெளிவந்தது. தொடைத் தசையில் போட்டபோது ரத்தத்தில் மருந்து உச்சத்தை எட்ட சராசரியாக 8 நிமிடம் ஆனது. தோலுக்கடியில் போட்டபோது 34 நிமிடம். மூச்சு அடைத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு இந்த 26 நிமிடம் உயிர்.

உள்ளே போன மருந்து ஒவ்வோர் ஏற்பியையும் பயன்படுத்துகிறது. ஆல்ஃபா-1 தளர்ந்து போன குழாய்களை இறுக்கி அழுத்தத்தை மீட்கும், தொண்டை வீக்கத்தைக் குறைக்கும். பீட்டா-1 இதயத்தைத் தூக்கிப் பிடிக்கும். பீட்டா-2 மூச்சுக்குழலை விரிக்கும். அதனால்தான் அரிப்புக்கான மாத்திரை இதற்கு மாற்றாகாது.

பேண்டின் மேலேயே குத்தலாம். ஊசி போட்டதும் 995ஐ அழையுங்கள். மூச்சு விட முடிந்தால் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். கருவியின் முனையில் கட்டைவிரலை வைக்காதீர்கள். தவறுதலாக விரலில் குத்திவிட்டால் விரல் வெள்ளையாகிச் சில்லிடும், அதற்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பல் மருத்துவர் மரத்துப் போகும் ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்தது. ஒவ்வாமையா?

பெரும்பாலும் இல்லை. மரத்துப் போக வைக்கும் லிக்னோகெய்ன் மருந்தோடு 80,000இல் ஒரு பங்கு போல மிகக் குறைந்த அட்ரினலின் சேர்த்திருப்பார்கள். அது ஈறின் குழாய்களை ஆல்ஃபா வழியாகச் சுருக்கி, மரமரப்பை நீட்டிக்கும், ரத்தக்கசிவைக் குறைக்கும். ஈறு வெள்ளையாவதைக் கண்ணாடியில் பார்க்கலாம். கொஞ்சம் ரத்தத்தில் கலந்தால் பீட்டா-1 இதயத்தைத் தட்டும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். இதய நோயோ ரத்த அழுத்த மாத்திரையோ இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மூக்கடைப்பு ஸ்ப்ரே இல்லாமல் தூங்கவே முடியவில்லை. என்ன ஆனது?

ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் போன்றவை மூக்கின் உட்சவ்வில் வீங்கிக் கிடக்கும் குழாய்களை ஆல்ஃபா வழியாகச் சுருக்குகின்றன. ஐந்து நிமிடத்தில் மூக்கு திறந்துவிடும், அந்தச் சுகம்தான் பிரச்சினை. நாள்கணக்கில் அடித்துக்கொண்டே இருந்தால் ஏற்பிகள் மழுங்கிவிடும். மருந்து இறங்கியதும் முன்பைவிட அதிகமாக அடைக்கும். திரும்ப அடிப்பீர்கள், திரும்ப அடைக்கும். மாதக்கணக்கில் இதில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள்மேல் எனக்கு வருத்தம்தான். யாரும் அவர்களுக்கு முதலிலேயே சொல்லவில்லை. மூன்று நாளைக்கு மேல், அதிகம் போனால் ஐந்து நாளைக்கு மேல் வேண்டாம். ஏற்கெனவே மாட்டியிருந்தால் மருத்துவரிடம் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேக்கு மாறுவது பற்றிக் கேளுங்கள்.

ஃபினைலெஃப்ரின் மாத்திரைகளும் அதே ஆல்ஃபா-1 வழியில் வேலை செய்ய வேண்டியவைதான். விழுங்கும்போது பெரும் பகுதி குடலிலேயே சிதைந்துவிடுகிறது. 2023 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு, மாத்திரையாக விழுங்கினால் மூக்கடைப்புக்குப் பலனில்லை என்று முடிவு சொன்னது.

அப்பாவுக்குப் புரோஸ்டேட் மாத்திரை. காலையில் எழுந்தால் தள்ளாடுகிறார்.

புரோஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் ஆல்ஃபா-1இன் ஏ வகை நிறைய. அதை அடைத்தால் சிறுநீர் தாராளமாகப் போகும். பிரசோசின், டாக்சசோசின் போன்றவை ஆல்ஃபா-1இல் வகை பார்க்காது. குழாய்களில் உள்ளதையும் சேர்த்து அடைத்துவிடும். எழுந்து நிற்கும்போது சிரையும் தமனியும் இறுக முடியாமல் ரத்தம் காலில் தேங்கும், கண் இருட்டும். முதல் மாத்திரையிலும் அளவைக் கூட்டும்போதும் இது அதிகம். டாம்சுலோசின் ஏ வகையை அதிகம் தேர்ந்து பிடிப்பதால் தொல்லை குறைவு, முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது.

அப்பா முதலில் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காரட்டும், அப்புறம் எழட்டும். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், பலதுறை மருந்தகத்தில் படுத்தும் நின்றும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். கண்புரை அறுவை சிகிச்சை வந்தால் இந்த மாத்திரை பற்றிக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்மணியை விரிக்கும் தசையிலும் இதே ஏற்பி இருக்கிறது.

பீட்டா தடுப்பு மாத்திரை போட்டதிலிருந்து கை கால் சில்லென்று இருக்கிறது.

புரோப்ரனோலால் பீட்டா-1ஐயும் பீட்டா-2வையும் சேர்த்து அடைக்கும். விரிக்கும் வழி மூடிவிட, ஆல்ஃபா தனிக்காட்டு ராஜாவாகிவிடும். இதயம் வெளியேற்றும் ரத்தமும் குறைகிறது. மூச்சுக்குழலின் பீட்டா-2வும் அடைபடுவதால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆபத்து. பைசோப்ரோலால், அட்டெனோலால் போன்றவை பீட்டா-1ஐ அதிகம் தேர்ந்தெடுப்பதால் தொல்லை குறையலாம். திடீரென்று நிறுத்தக் கூடாது. மருந்து இருந்த நாள்களில் செல் கூடுதல் ஏற்பிகளை வளர்த்து வைத்திருக்கும். நிறுத்தியதும் அவை எல்லாம் ஒன்றாக விழித்துக்கொள்ளும்.

அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். மருந்து ஏற ஏற விரல் நுனி கறுக்கிறது. மருந்து தப்பாகப் போகிறதா?

கண்ணீரோடு இதைக் கேட்டவர்களிடம் நான் நின்று பேசியிருக்கிறேன். கிருமித்தொற்றால் அழுத்தம் சரிந்தவர்களுக்கு உலகெங்கும் முதலில் கொடுப்பது நோரட்ரினலின். காரணம் முன்பே சொன்னேன்: ஆல்ஃபாவை நன்றாகத் தூண்டும், பீட்டா-2 வழியாகக் குழாயை விரிக்காது. தளர்ந்து போன குழாய்கள் எல்லாம் இறுகி, மூளைக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் தள்ளும் அளவுக்கு அழுத்தம் கிடைக்கிறது.

ஆனால் மருந்தின் அளவு மிக அதிகமாகும்போது, ஆல்ஃபா மிக அடர்த்தியாக இருக்கும் விரல் நுனிகள்தான் முதலில் விலை கொடுக்கின்றன. நோயே நுண்குழாய்களில் ரத்தம் உறையச் செய்வதும் அதில் சேர்ந்துகொள்ளும். மருத்துவர்கள் விரலை மறந்துவிடவில்லை. உயிரைப் பிடித்து வைக்கும் அழுத்தத்துக்கும் விரலுக்கும் நடுவில் ஒவ்வொரு மணி நேரமும் எடை போடுகிறார்கள். நீங்கள் தாதியிடம் மூன்று விஷயம் கேட்கலாம்: இப்போது மருந்தின் அளவு ஏறுகிறதா, இறங்குகிறதா, அளவைக் குறைக்க உதவும் வாசோப்ரெசின் போன்ற இன்னொரு மருந்து சேர்த்திருக்கிறார்களா, கை கால்களை இதமான சூட்டில் வைக்க நாங்கள் போர்த்தலாமா. அவர்கள் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். சுடுநீர்ப் பை மட்டும் வைக்காதீர்கள், ரத்தம் ஓடாத தோல் எளிதில் வெந்துவிடும்.

ஆல்ஃபா, பீட்டா இரண்டையும் சேர்த்து அடைக்கும் மருந்து உண்டா?

உண்டு. கார்வெடிலாலும் லேபெடலாலும் அப்படிப்பட்டவை. அட்ரினல் சுரப்பியில் அட்ரினலினைக் கொட்டும் அரிய கட்டி வந்தவர்களுக்கு மட்டும், முதலில் ஆல்ஃபாவை அடைத்துவிட்டு அதன் பிறகே பீட்டாவை அடைப்பார்கள். வரிசையை மாற்றினால் விரிக்கும் வழி மூடி, சுருக்கும் வழி திறந்தே கிடக்கும். ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறிவிடும்.